பழைய பைபர் வள்ளத்தைத் திருத்த என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொக்கிளாய், நாயாறு, முல்லைத்தீவு முதல் நாச்சிக்குடா, வலைப்பாடு, விடத்தல்தீவு வரை வன்னியின் இரு கரைகளிலும் பழைய பைபர் வள்ளங்கள் கிடுகு மூடியும் மூடாமலும் கிடக்கின்றன. 17 அடி முதல் 23 அடி வரையான அப்படி ஒரு வள்ளத்தை வாங்கித் திருத்தவோ, வீட்டு முற்றத்தில் கிடப்பதை மறுபடி கடலில் இறக்கவோ நினைப்பவர்களுக்காக எழுதியது இது.

பழைய வள்ளத்தைத் திருத்துவது பெறுமதியா, புதிது வாங்குவது நல்லதா?

வெளித்தோற்றத்தை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. வெயிலில் வெளுத்து, மேற்பூச்சு மாவாக உதிரும் வள்ளத்தின் உடல் திடமாக இருக்கலாம். நேற்றுப் பெயின்ட் அடித்த வள்ளத்தின் பின்பலகை உள்ளே சேறாகக் கிடக்கலாம். பைபர், அதாவது ரெசின் என்ற பிசினில் ஊறி இறுகிய கண்ணாடி நார், எளிதில் உக்காது. அதற்குள் வைத்து மூடிய பலகையும் நுரையும்தான் கெடுகின்றன. ஆகவே உடல் தடிப்பாகவும் ஒட்டுக் குலையாமலும் இருந்தால் திருத்துங்கள். அடி நெடுகத் தட்டும்போது மந்தமாகச் சத்தம் கேட்டால், சும்மா கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

பணக் கணக்கில் ஒரு எல்லை வைத்துக்கொள்வது நல்லது. வள்ளத்தின் விலை, சாமான், கூலி, ஏற்றுக்கூலி நான்கும் சேர்ந்து, அதே நீளப் புது வள்ள உடலின் விலையில் பாதியைத் தாண்டினால் புதிதுக்குப் பணம் சேர்ப்பதே மேல். இஞ்சினை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். எந்த வள்ளமானாலும் இஞ்சின் செலவு தனி.

வாங்குவதற்கு முன் எப்படிச் சோதிப்பது?

அரை நாள் ஒதுக்குங்கள். ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்று, 6 மில்லிமீற்றர் துளைக்கருவி, டோர்ச் லைட், சோக்கட்டி, ஒரு துண்டு வெள்ளைத் துணி, கடைசிச் சோதனைக்கு ஓட்டை போடும் வாளும் சிறு தராசும் இருந்தால் போதும்.

முதலில் குற்றியால் தட்டிப் பாருங்கள். நல்ல பைபர் கூர்மையாக "டக், டக்" என்று பதில் சொல்லும். நார்ப் படைகள் (அடுக்குகள்) பிரிந்த இடம் சிரட்டையில் தட்டினது போல "பொத்" என்று கேட்கும். அடிப்பகுதி முழுவதையும் ஒரு சாண் இடைவெளியில் தட்டி, மந்தமாகக் கேட்கும் இடத்தைச் சோக்கால் வட்டமிடுங்கள். ஏராவின் (அடித்தண்டின்) இரு பக்கமும், மணலில் இழுபடும் அணியத்தின் (முன்பக்கத்தின்) கீழும், இஞ்சினுக்கு முன்னால் உள்ள அடியும் கூடுதலாகக் கெடும் இடங்கள்.

அடுத்தது இஞ்சின் பூட்டும் பின்பலகை. இஞ்சின் இருந்தால் அதன் மேற்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பலகை வளைந்து கொடுத்தாலோ, மூலையில் மயிர்வெடிப்பு விரிந்தாலோ உள்ளே உக்கிவிட்டது. உறுதிப்படுத்த, உள்பக்கத்தில், கீழ்விளிம்பிலிருந்து நான்கு விரல் உயரத்தில் மூன்று துளை போடுங்கள். வெளிப்பக்க பைபர் வரை போக வேண்டாம். வரும் தூளைத் துணியில் பிடியுங்கள். மஞ்சள் நிறத்தில் காய்ந்த தூள் வந்தால் பலகை நலம். கறுப்பாக, ஈரமாக, புளித்த மணத்தோடு வந்தால் பலகை முழுவதையும் மாற்ற வேண்டும். மேல்பகுதி காய்ந்திருக்கிறதென்று ஏமாறாதீர்கள். தண்ணீர் கீழே இறங்கித்தான் தங்கும்.

மூன்றாவது, இருக்கைப் பெட்டிகளும் அணியப் பெட்டியும். மிதவைக்காக அடைத்த நுரை தண்ணீர் குடித்திருந்தால் வள்ளம் கனக்கும். 50 லீற்றர் தண்ணீர் என்றால் 50 கிலோ. அலையோடு போராடும்போது மிதவை தர வேண்டிய பெட்டி உங்களுக்கு எதிராக நிற்கும். பெட்டியின் அடியில் ஒரு துளை போட்டால், தண்ணீர் சொட்டுகிறதா என்று உடனே தெரிந்துவிடும்.

கடைசியாக, பைபரின் தரம். ஓட்டை போடும் வாளால் ஒரு குற்றியளவு வில்லையை வெட்டி எடுங்கள். பின்பு அடைக்க எளிதான, நீர்மட்டத்துக்கு மேலான இடத்தில் வெட்டுங்கள். வில்லையை நிறுத்து எழுதிவிட்டு, தகர மூடியில் வைத்து விறகு நெருப்பில் எரியுங்கள். கரும்புகை வரும், காற்று வரும் பக்கமாக நில்லுங்கள். ரெசின் முழுவதும் எரிந்தபின் வெள்ளைக் கண்ணாடி நார் மட்டும் படை படையாக எஞ்சும். ஊசி முனையால் ஒவ்வொன்றாக உரித்தால் எத்தனை மாட் (நறுக்கிய நார் விரிப்பு), எத்தனை ரோவிங் (நெய்த நார்த் துணி) போட்டார்கள் என்று எண்ணலாம். 10 கிராமில் 3 கிராம் அல்லது கூட நார் எஞ்சினால் நல்ல வேலை. 2 கிராம்தான் எஞ்சினால் ரெசினை ஊற்றி நாரை மிச்சப்படுத்தியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட உடல் அலையில் அடிபட்டு வெடிக்கும்.

எந்தக் காலத்து வள்ளம் நல்லது?

காரைநகரில் நோர்வே உதவியோடு இயங்கிய சீநோர் வள்ளத் தளத்தில் 1960களின் இறுதியிலிருந்து வார்த்துவந்த வள்ளங்களைப் போல, நிதானமாகத் தடிப்பாக வார்த்த பழைய உடல்கள் திருத்தத்தைத் தாங்கும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தேவை ஒரே நேரத்தில் கூடியதால், அனுபவமில்லாத இடங்களிலும் வள்ளம் வார்த்தார்கள். அவற்றில் நல்லவையும் உண்டு, தடிப்புக் குறைந்தவையும் உண்டு. ஆகவே அந்தக் காலத்து வள்ளமென்றால் வில்லைச் சோதனையைத் தவறவிடாதீர்கள். 18 அடி வள்ளத்தின் அடித்தடிப்பு 5 மில்லிமீற்றருக்குக் கீழே இருந்தால் வெளியே கூடுதல் படை போட்டே ஆக வேண்டும்.

யுத்தத்தில் துளைபட்ட வள்ளத்தைத் திருத்தலாமா?

திருத்தலாம். வெளியே விரல் நுனியளவு தெரியும் ஓட்டைக்கு உள்பக்கம் உள்ளங்கையளவுக்குப் படைகள் பிரிந்திருப்பது வழக்கம். உள்ளே தட்டி, சத்தம் தெளியும் இடம் வரை வெட்டி எடுத்துவிட்டுத்தான் அடைக்க வேண்டும். ஓட்டையில் பட்டியை (நிரப்பும் பசையை) மட்டும் அப்பினால் முதல் பருவத்திலேயே கழன்றுவிடும்.

ஒரு விடயத்தில் மிகக் கவனம் தேவை. உடலுக்குள் அல்லது நுரைப் பெட்டிக்குள் இன்னதென்று தெரியாத உலோகத் துண்டு தென்பட்டால் கிறைண்டரை வைக்காதீர்கள், கிளறாதீர்கள். விலகி நின்று பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றுவோருக்கோ அறிவியுங்கள்.

பதிவு இல்லாத வள்ளத்தை வாங்கலாமா?

1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்தின்படி மீன்பிடி வள்ளம் பதிவு செய்யப்பட வேண்டும். பணம் கொடுக்கும் முன்பே பதிவு இலக்கத்தோடு மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்துக்குப் போய், யார் பெயரில் இருக்கிறது, பெயர் மாற்ற என்ன கேட்பார்கள் என்று பாருங்கள். உடலில் எழுதிய இலக்கத்தைக் கிறைண்டர் பிடிக்கும் முன் படம் எடுத்துவையுங்கள்.

சாமான் அளவை எப்படிக் கணக்கிடுவது?

பைபர் வேலையில் எல்லாமே கிலோக் கணக்குத்தான். "ஒரு கலன் ரெசின், கொஞ்சம் மாட்" என்று தொடங்குபவர்தான் நடு வேலையில் சாமான் தேடி வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓடுவார்.

சில இலக்கங்களை மனத்தில் வையுங்கள். 450 கிராம் மாட் என்றால் ஒரு சதுர மீற்றர் மாட்டின் எடை 450 கிராம். அது தன் எடையைப் போல் இரண்டரை மடங்கு ரெசின் குடிக்கும், காய்ந்தபின் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் தடிப்புத் தரும். 600 கிராம் ரோவிங் தன் எடை அளவு ரெசின்தான் குடிக்கும், முக்கால் மில்லிமீற்றர் தடிப்புத் தரும்.

உதாரணத்துக்கு, பதினெட்டரை அடி வள்ளத்தின் அடியில் 6 சதுர மீற்றருக்கு மாட், ரோவிங், மாட் என்று மூன்று படை போடுவதாக வைப்போம். மாட் 0.45 × 6 × 2 = 5.4 கிலோ. ரோவிங் 0.6 × 6 = 3.6 கிலோ. மாட்டுக்கு ரெசின் 13.5 கிலோ, ரோவிங்குக்கு 3.6 கிலோ, மொத்தம் 17.1 கிலோ. தூரிகையில், வாளியில், முன்னரே இறுகிப்போவதில் வீணாவதற்காக ஆறில் ஒரு பங்கு கூட்டினால் 20 கிலோ. ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னர் 200 முதல் 300 கிராம். தூரிகை, உருளை கழுவ அசிற்றோன் 4 லீற்றர். இந்த வேலையால் வள்ளம் 26 கிலோ கனம் கூடும், தடிப்பு 2.75 மில்லிமீற்றர் கூடும். உங்கள் வள்ளத்தை அளந்து பரப்பை மட்டும் மாற்றுங்கள். பிறகு அன்றைய கடை விலையால் பெருக்கினால் செலவு வந்துவிடும். விலை மாதத்துக்கு மாதம் மாறும், கிலோ மாறாது.

எல்லோரும் கணக்கில் மறப்பவை: 36 அல்லது 40 இலக்க அரைதாள் தட்டு 15 முதல் 20 வரை, 2 அங்குலத் தூரிகை ஒரு டசின், காற்று அழுத்தி எடுக்கும் இரும்பு உருளை 2, கையுறை ஒரு பெட்டி, ஆவி வடிகட்டும் முகமூடி, கண்ணாடி, மின்பிறப்பாக்கிக்கு எரிபொருள், தறப்பாள்.

பின்பலகை மாற்ற என்ன வேண்டும்?

18 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட் 8க்கு 4 அடி ஒன்று போதும். 1.2 மீற்றர் அகலம், அரை மீற்றர் உயரம் கொண்ட பின்பலகைக்கு அதிலிருந்து இரண்டு துண்டு வெட்டி ஒன்றோடொன்று ஒட்டினால் 36 மில்லிமீற்றர் வரும். மிச்சத்தில் பக்கத் தாங்கிகளும் வெட்டலாம். மரைன் பிளைவூட்டுக்கான பிரித்தானியத் தரமான பிஎஸ் 1088 முத்திரை உள்ளதை வாங்குங்கள். தளபாடத்துக்கான பிளைவூட் விலை குறைவுதான், ஆனால் பசை தண்ணீரில் விட்டுப்போகும். ஐயமாக இருந்தால் ஒரு துண்டை ஒரு மணி நேரம் கொதிநீரில் போடுங்கள். படை பிரிந்தால் அது இந்த வேலைக்கு ஆகாது.

உள்பக்க பைபரை வெட்டி உக்கிய பலகையைத் தோண்டி எடுங்கள். வெளிப்பக்கத் தோலில் கைவைக்க வேண்டாம், அதுதான் உருவத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. தோண்டியபின் உடனே மூடாதீர்கள். தெளிவான பிளாஸ்ரிக் தாளை ஒரு முழச் சதுரத்தில் நான்கு பக்கமும் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்ளே வியர்த்தால் ஈரம் இன்னும் போகவில்லை. ஈரத்தின் மேல் பூசிய ரெசின் பிடிக்காது. திருத்தத்தில் நடக்கும் பிழைகளில் பணத்தை முழுவதாகத் தின்னும் பிழை இதுதான்.

புதுப் பலகையின் எல்லா விளிம்பிலும் முதலில் ரெசின் பூசுங்கள். ரெசினோடு டால்கம் தூளும் நறுக்கிய நாரும் குழைத்த பட்டியை முழுப்பரப்பிலும் தடவி, இடையில் காற்று தங்காமல் அழுத்திப் பிடியுங்கள். அதன்மேல் மாட் நான்கு, ரோவிங் இரண்டு, பக்கச் சுவரில் 15 சென்ரிமீற்றர் ஏறும்படி போடுங்கள். இதற்கு மாட் 2 கிலோ, ரோவிங் ஒன்றேகால் கிலோ, ரெசின் பட்டியோடு சேர்த்து 9 கிலோ எடுத்துவையுங்கள். மூலைகளைப் பட்டியால் வளைவாக நிரப்புங்கள். நாரைச் செங்கோண மூலையில் மடித்தால் உள்ளே காற்று நிற்கும்.

வெட்டும் முன் உங்கள் இஞ்சினின் தண்டு நீளத்தைப் பாருங்கள். குட்டைத் தண்டுக்குப் பின்பலகை உயரம் 15 அங்குலம், நீளத் தண்டுக்கு 20 அங்குலம். மாறி வெட்டினால் விசிறி காற்றைக் குடிக்கும், அல்லது வள்ளம் தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும்.

எந்த ரெசின், எங்கே வாங்குவது?

பெரும்பாலான வள்ளங்களுக்குச் சாதாரண பொலியெஸ்டர் ரெசின் போதும். அடிப்பகுதிக்கும் நீருக்குள் எப்போதும் நிற்கும் வள்ளத்துக்கும் ஐசோ வகைப் பொலியெஸ்டர் நல்லது, அது தண்ணீரைக் குறைவாகக் குடிக்கும். எபொக்சி எதிலும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் விலை பல மடங்கு. அதன்மேல் பின்னர் பொலியெஸ்டர் போட்டால் சரியாக ஒட்டாது. சாதாரண மாட்டின் பிணைப்புப் பசை எபொக்சியில் கரைவதும் இல்லை. ஒரு வள்ளத்தில் ஒரு வகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிறிய வேலைக்கு யாழ்ப்பாணம், வவுனியா கடைகளில் கிலோக் கணக்கில் வாங்கலாம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து திருத்துவதானால் கொழும்பில் பீப்பாவாக எடுப்பது மலிவு. பீப்பா ஒன்று 220 கிலோவுக்கு மேல் இருக்கும். ஆனால் ரெசின் ஆறு மாதத்துக்குள் பாவிக்க வேண்டிய சாமான். தகரக் கொட்டிலில் வெயில் படக் கிடந்தால் அதற்கும் முன்பே கெடும். வாங்கும்போது உற்பத்தித் திகதி கேளுங்கள், குச்சியால் கிளறி ஊற்றிப் பாருங்கள். தேன் போல ஒழுக வேண்டும். கட்டி கட்டியாக விழுந்தால் காசு கொடுக்காதீர்கள்.

ரெசினும் ஹார்ட்னரும் பஸ்ஸில் அனுப்பும் பொருளல்ல. எளிதில் தீப்பிடிப்பவை. லொறியில், இரண்டையும் தள்ளித் தள்ளி வைத்து எடுங்கள்.

ஹார்ட்னர் எவ்வளவு விடுவது?

வன்னி வெயிலில் 1 கிலோ ரெசினுக்கு 10 கிராம், அதாவது ஏறத்தாழ 9 மில்லிலீற்றர். மருந்து ஊசிக் குழாயால் அளந்து விடுங்கள், மூடியால் வேண்டாம். காலை ஆறு மணிக்குக் குளிர்ச்சியாக இருந்தால் 15 கிராம் வரை போகலாம். மத்தியான வெயிலில் சீக்கிரம் இறுகுகிறதென்று 10 கிராமுக்கும் குறைத்தால், தொடக்கூடிய அளவுக்கு இறுகும், ஆனால் உள்ளே முழுவதாக முற்றாது. அதற்கு மருந்து நேரத்தை மாற்றுவதுதான்: காலை ஒன்பதரைக்கு முன், அல்லது மாலை நான்குக்குப் பின். ஒரு தடவைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள். ஒரே மூச்சில் மூன்று படைக்கு மேல் போட்டால் சூடேறி வெளுத்து வெடிக்கும்.

சில ரெசினில் கோபால்ட் (இறுகுவதைத் துரிதப்படுத்தும் திரவம்) கலந்தே வரும், சிலதில் நாம் கலக்க வேண்டும். வாங்கும்போதே கேளுங்கள். கலப்பதானால் கோபால்ட்டை ரெசினில் முழுவதாகக் கலந்த பிறகுதான் ஹார்ட்னர். கோபால்ட்டும் ஹார்ட்னரும் நேரடியாக ஒன்றில் ஒன்று பட்டால் வெடிக்கும். இரண்டுக்கும் ஒரே குழாய், ஒரே கோப்பை பாவிக்கவே கூடாது. ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் கண் போகும். உடனே தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆசுப்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஓட்டையை ஒட்டும்போது ஏன் பிறகு கழன்றுவிடுகிறது?

சரிவு போதாமை. தடிப்பின் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரித்து அரைக்க வேண்டும். 5 மில்லிமீற்றர் உடலென்றால் ஓட்டையைச் சுற்றி 6 சென்ரிமீற்றர். பளபளப்பு முழுவதும் போய்ச் சாம்பல் நிறம் வரவேண்டும். அரைத்தபின் அசிற்றோன் துணியால் துடைத்து, கைபடாமல் அன்றே பூசுங்கள்.

மிதவைக்கு ரெஜிபோம் வைக்கலாமா?

பொலியெஸ்டர் ரெசின் பட்டால் ரெஜிபோம் (வெள்ளைப் பொலிஸ்ரைரீன் நுரை) கரைந்து குழியாகிவிடும். மூடிய கண் கொண்ட பொலியூரத்தேன் நுரை வாங்குங்கள். அதற்குப் பணம் இல்லையென்றால், மூடி இறுக்கிய வெற்றுப் பிளாஸ்ரிக் கலன்களைப் பெட்டிக்குள் அசையாமல் அடுக்கலாம். கழற்றிப் பார்க்க வசதியும் கூட. எதை வைத்தாலும் பெட்டியின் அடியில் திருகுமூடி போட்ட ஒரு வடிகால் விடுங்கள்.

மேற்பூச்சு: ஜெல்கோட்டா, பெயின்டா?

தொழில் வள்ளத்துக்கு இரண்டு கலவைப் பெயின்ட் போதும். ஜெல்கோட் (நிறம் கலந்த ரெசின் மேற்பூச்சு) வேண்டுமானால் சதுர மீற்றருக்கு 600 கிராம், முழு வெளிப்பக்கத்துக்கும் 8 கிலோ அளவில் முடியும். ஜெல்கோட்டின் கடைசிப் பூச்சில் மெழுகுக் கரைசல் சேர்க்காவிட்டால் மேற்பரப்பு பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும்.

பழைய இஞ்சினுக்கு உதிரிப்பாகம் எப்படித் தேடுவது?

பெயரைச் சொல்லித் தேடினால் பிழையான சாமான்தான் வரும். இஞ்சினைப் பின்பலகையில் பூட்டும் தாங்கியில் சிறிய தகடு இருக்கும். உப்பைத் துடைத்து மாடல் எழுத்தையும் தொடர் இலக்கத்தையும் படமெடுங்கள். யமஹாவில் மண்ணெண்ணெய் மாடல்கள் "ஈகே" என்று தொடங்கும். பெட்ரோல் மாடலின் தலைக்கஸ்கற்றை (சிலிண்டர் தலைக்குக் கீழே வைக்கும் தகட்டை) மண்ணெண்ணெய் மாடலுக்குப் போட்டால் அழுத்தம் மாறி உள்ளே இடிக்கும். கடைக்குப் பழைய சாமானையும் கையில் கொண்டுபோங்கள்.

முதலில் மாற்ற வேண்டியவை விலை குறைந்தவைதான்: தண்ணீர்ப் பம்பின் றப்பர் விசிறி, பிளக், கியர் எண்ணெய், துத்தநாகத் துண்டு, எரிபொருள் குழாய். கியர் எண்ணெய் பால் நிறத்தில் வந்தால் தண்ணீரைத் தடுக்கும் சீல் போய்விட்டது. இரண்டு சிலிண்டரின் அழுத்தமும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசப்பட்டால் இஞ்சினுக்குச் செலவழிக்கும் முன் பிரித்துப் பாருங்கள். உருக்குலைந்த அதே மாடல் இஞ்சின் ஒன்றை மலிவாக வாங்கி வைத்தால், மூடி, தாங்கி, கைபிடி போன்ற புதிதாக வாங்கினால் விலை கடிக்கும் சாமான்கள் அதிலிருந்தே வரும்.

போல்ட் எல்லாம் 316 ரகத் துருப்பிடிக்காத உருக்கு. துளையை ஒரு அளவு பெரிதாகப் போட்டு, பட்டியால் நிரப்பி, இறுகியபின் மறுபடி துளைத்துப் பூட்டுங்கள். அப்போதுதான் பலகைக்குத் தண்ணீர் போகாது.

எந்த மாதத்தில் தொடங்குவது?

மேற்குக் கரையில், சோளகக் காற்றால் தொழில் குறையும் மே முதல் செப்ரெம்பர் வரை நல்லது. வெயிலும் இருக்கும், வள்ளமும் சும்மா நிற்கும். கிழக்குக் கரையில் அந்த மாதங்களில்தான் கடல் அடங்கித் தொழில் நடக்கும். அங்கே மாரி மழை விட்ட பெப்ரவரியே வாய்ப்பான மாதம். ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை தறப்பாளுக்குக் கீழே பலகை வேலை, இஞ்சின் வேலை செய்யலாம், பைபர் பூச வேண்டாம்.

கூலியை நாள் கணக்கில் கொடுப்பதா, மொத்தமாகப் பேசுவதா?

உக்கலை வெட்டித் திறக்கும் வேலைக்கு நாட்கூலி. உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாத நிலையில் மொத்தமாகப் பேசினால், வேலை செய்யும் பாஸ் பயந்து கூட்டிச் சொல்வார், அல்லது உக்கலை மூடிவிடுவார். திறந்து பார்த்தபின் பூசும் வேலைக்கு மொத்தமாகப் பேசுங்கள். சாமானை நீங்களே வாங்கி, படைகளின் எண்ணிக்கையை எழுதிக் கொடுங்கள். அரைக்கும் வேலையை நீங்களே செய்தால் கூலியில் பெரும்பகுதி மிஞ்சும்.

எதிர்பாராத செலவுக்கு எவ்வளவு ஒதுக்குவது?

பின்பலகையும் பெட்டிகளும் திறக்கும் முன் போட்ட கணக்கென்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு. திறந்தபின் போட்ட கணக்கென்றால் பத்தில் ஒரு பங்கு போதும். அதனால்தான் திறக்கும்வரை ரெசினோ பிளைவூட்டோ வாங்க வேண்டாம் என்கிறோம்.

பணம் முழுவதும் கைவசம் இல்லை. எதை முதலில் செய்வது?

பின்பலகை, அடி, மிதவை. இந்த மூன்றில் குறைவைத்துக் கடலில் இறக்காதீர்கள், ஆள் உயிர் அதில்தான் இருக்கிறது. பெயின்ட், மேல்விளிம்பு றப்பர், இருக்கைப் பலகை எல்லாம் அடுத்த பருவத்தில் செய்யலாம். இடையில் வேலையை நிறுத்துவதானால், பூசிய கடைசிப் படை ஒரு நாளுக்கு மேல் கிடந்திருந்தால் மீண்டும் தொடங்கும்போது அரைதாளால் சுரண்டிவிட்டுத்தான் அடுத்ததைப் போட வேண்டும். வள்ளத்தைக் கவிழ்த்து, அணியமும் பின்பக்கமும் பழைய ரயரில் தாங்க, நிலத்திலிருந்து ஒரு முழம் உயர்த்தி, தறப்பாளின் இரு பக்கமும் காற்றோடும்படி விட்டு மூடுங்கள்.